புஷ் கிழிந்ததற்கு ஷாக் அப்சார்பரை மாற்றிய பணிமனை

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ‘டொக்’ என்ற சத்தம் கேட்கிறது, பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்ற இரண்டு குறைகளைச் சொல்லித்தான் என் காரைப் பணிமனையில் விட்டேன். அவர்கள் வண்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். நானும் நம்பி முன்பக்கம் இரண்டையும் மாற்றச் சம்மதித்தேன். சத்தம் இம்மியளவும் குறையவில்லை.

அடுத்த 2 மாதங்களில் 3 முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) செய்து, ஒவ்வொரு முறையும் பணம் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் கிழிந்திருந்தது புஷ்: சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்ம், சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் இணைப்பு. அது கிழிந்திருந்தால் ஓட்டத்தில் லோயர் ஆர்ம் இடம் பெயரும். ஆகவே நிற்கும் வண்டியில் அளந்து வைத்த கோணம் சாலையில் நிலைக்காது. தொழில் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதற்குள் இடது டயரின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்துவிட்டது. வெளிப்பக்கம் நன்றாகவே தெரிந்ததால் நான் குனிந்து பார்க்கவில்லை. அது என் தவறு.

வேறொரு மெக்கானிக், லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே நெம்புகம்பியைக் கொடுத்து அசைத்துக் காட்டினார். ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷின் ரப்பர், நடுவிலுள்ள உலோகக் குழாயை விட்டுப் பிரிந்திருந்தது. மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளுக்காக மட்டும் புஷ்ஷை மாற்ற வேண்டியதில்லை என்றும், ரப்பர் ஆழமாகக் கிழிந்திருந்தாலோ, நடுக்குழாய் மையம் விலகியிருந்தாலோ, திரவம் நிரப்பிய வகையில் கசிவு தெரிந்தாலோ தாமதிக்கக் கூடாது என்றும் அவர் விளக்கினார்.

இதோடு நின்றிருந்தால் இழப்பு குறைந்திருக்கும். ஆனால் பழைய பணிமனையார் கூலி வாங்காமல் புஷ் மாற்றித் தருவதாகச் சொன்னதும் மறுபடி அங்கேயே போனேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்மின் போல்ட்டுகளை இறுக்கி முடித்தார்கள். உள்ளும் வெளியும் உள்ள இரண்டு உலோகக் குழாய்களோடும் ஒட்டவைக்கப்பட்ட இவ்வகைப் புஷ்ஷின் ரப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை. முறுகித்தான் ஆர்மின் அசைவுக்கு இடம் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுகியபடியே இருக்கும்; ஆகவே கடைசி இறுக்கத்தைச் சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கும் நிலையில்தான் கொடுக்க வேண்டும். இதை நான் அறிந்துகொண்டது, அந்தப் புதுப் புஷ் 5 மாதத்தில் கிழிந்த பிறகுதான். கேட்டதற்குச் சாலையைக் குறை சொன்னார்கள்.

இரண்டாவது மெக்கானிக்கிடம் மீண்டும் புதுப் புஷ் போட்டு, அதன்பின் ஒரே முறை அலைன்மென்ட் செய்ததும் இழுப்பும் சத்தமும் நின்றுவிட்டன. கழற்றிய பாகங்களை வேலை நடந்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். என் பழைய ஷாக் அப்சார்பர்களை நான் பிந்திக் கேட்டபோது, கழிவு இரும்போடு போய்விட்டன என்றார்கள்; அவை உண்மையிலேயே பழுதாகியிருந்தனவா என்று பார்க்க இப்போது வழியில்லை.