வாட்டர்லூவா, சாலிஸ்பரி சமவெளியா?

போரில் உடலோ மனமோ காயப்பட்ட வீரர்கள் கையில் கரணையைக் கொடுத்து அகழாய்வுக் குழியில் இறக்கும் பிரிட்டிஷ் திட்டங்களில் இரண்டு பேர்பெற்றவை. ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ 2011இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே பிறந்தது. ‘வாட்டர்லூ அன்கவர்டு’ 2015இல் வந்த தொண்டு அமைப்பு. தொடங்கியவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவு அதிகாரிகள் இருவர்.

நைட்டிங்கேல் தோண்டுவது பெரும்பாலும் ராணுவப் பயிற்சி நிலங்களில். இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளியின் பாரோ கிளம்பில் பேட்ஜர் என்ற விலங்குகள் வளை தோண்டிப் பழைய ஈமமேட்டைச் சிதைத்துக்கொண்டிருந்தன. அங்கே கிடைத்தவை 6ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகள். ஈட்டியும் கேடயமுமாகப் புதைக்கப்பட்டவனும் போர்வீரன்தான். ஆனால் அவன் போர் வெகுதூரத்தில் இருக்கிறது.

வாட்டர்லூவில் அந்தத் தூரம் கிடையாது. 1815 ஜூன் 18 அன்று, பெல்ஜியத்தில் நெப்போலியன் தோற்ற அந்தப் போரில், ஊகூமோன் பண்ணையைக் காத்தவர்களில் கோல்ட்ஸ்ட்ரீம் படையினரும் உண்டு. இன்று அதே படைப்பிரிவுக்காரர் மெட்டல் டிடெக்டர் ஒலித்த இடத்தைக் கிளறினால், நசுங்கிய ஈயக் குண்டு வருகிறது. எந்தப் பக்கமிருந்து சுட்டிருப்பார்கள் என்று தொல்லியலாளருக்கே அவர் சொல்லிக்கொடுக்கலாம். அன்று மோன்-சான்-ஜானில் இருந்த கள மருத்துவமனைப் பகுதியில், காயம்பட்டவர்களிடமிருந்து அறுத்து நீக்கப்பட்ட கால்களின் எலும்புகள் 2019இல் கிடைத்தன. காலை இழந்த ஒருவர் அதைப் பார்ப்பது சாதாரண விஷயமா? குழியருகே நலக்குழு இருந்தே ஆகவேண்டும், அங்கே இருக்கிறது.

என்னைக் கேட்டால், போரைப் பற்றி வாயே திறக்காதவருக்கு முதலில் சாலிஸ்பரி. பேசத் துடித்தும் கேட்க ஆளில்லாதவருக்கு வாட்டர்லூ. தொல்லியலையே தொழிலாக்க நினைப்பவருக்கும் நைட்டிங்கேலைத்தான் சொல்வேன். அதில் பங்கேற்றவர்களில் சிலர் பிறகு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கச் சேர்ந்திருக்கிறார்கள்.