3.6 போதுமா, 9.5 வேண்டுமா? பினாங்கு வீட்டுக்கு வாட்டர் ஹீட்டர் பார்த்த கதை

வாட்டர் ஹீட்டர் மாற்றப் போகிறேன் என்று இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். "9.5 கிலோவாட்டுக்குக் குறைஞ்சு வாங்காதீங்க அண்ணே, தண்ணி சூடே ஏறாது" என்றான். மறுநாள் பட்டர்வொர்த் கடையில் பார்த்தால் அலமாரி முழுக்க 3.3, 3.6, 3.8. அவன் சொன்னதில் பாதிகூட இல்லை.

தம்பி பொய் சொல்லவில்லை. அவன் ஊரில் ஜனவரி மாதம் குழாய்த் தண்ணீர் 6, 7 டிகிரிக்கு இறங்கிவிடும். அதை 38க்கு ஏற்ற 31 டிகிரி வேண்டும். நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் விடியற்காலையிலேயே 27 டிகிரி. 11 டிகிரி ஏற்றினால் வேலை முடிந்தது. கணக்கு எளிது: கிலோவாட்டை 14.3ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறதோ அதால் வகுத்தால், ஏறும் டிகிரி கிடைக்கும். அப்படிப் பார்த்தால் அவனுடைய 9.5 அங்கே நிமிடத்துக்கு 4.4 லிட்டர் சுடுதண்ணீர் தருகிறது, 3.6 இங்கே 4.7 லிட்டர் தரும். 9.5 இங்கே 41 ஆம்ப் இழுக்கும் என்பது வேறு. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் மெயின் சுவிட்சே 63 ஆம்ப்தான்.

சரி, 3.3க்கும் 3.8க்கும் நடுவில்? நிமிடத்துக்கு 5 லிட்டர் வந்தால் முதலாவது 9.4 டிகிரி ஏற்றும், மற்றது 10.9. ஒன்றரை டிகிரிக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க எனக்கு மனசில்லை. அதோடு லேபிளில் எத்தனை வோல்ட்டுக்கு அந்த எண் என்று பார்க்க வேண்டும். 240 வோல்ட்டில் 3.6 என்று எழுதியிருக்கும் ஹீட்டர், 230 வோல்ட்டில் 3.3தான் தரும். பெட்டியின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

உண்மையில் முடிவு செய்வது தண்ணீரின் வேகம். பத்து லிட்டர் பெயின்ட் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். எங்களுடையது இரண்டு மாடி டெரஸ் வீடு. கீழ்க் குளியலறையில் 6 லிட்டர் வந்தது. 3.6க்கு அது கொஞ்சம் அதிகம், எட்டரை டிகிரிதான் ஏறும். வால்வைச் சற்றே திருகி நாலரை லிட்டராகக் குறைத்தால் 38 தாண்டும். "சூடு பத்தலை" என்று புலம்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மாடிக் குளியலறையில் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் அழுத்தமே இல்லை. நூல் மாதிரி ஒழுகியது, பழைய ஹீட்டரின் விளக்குகூட எரியவில்லை. உள்ளே தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து ஹீட்டரை இயக்கும் சுவிட்ச் அந்த ஒழுகலை ஓட்டமாகவே எடுத்துக்கொள்ளாது. அங்கே 3.8 போட்டாலும் 9.5 போட்டாலும் பச்சைத் தண்ணீர்தான். பம்ப் உள்ள மாடல்தான் தீர்வு. ஆனால் நல்ல அழுத்தம் உள்ள இடத்தில் பம்ப் வைத்தால் தண்ணீர் கூடும், சூடு குறையும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை.

பெரிய மழை ஷவர்தான் வேண்டும் என்றால் கதையே வேறு. நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் தலைக்கு 3.6 ஆறு டிகிரிகூட ஏற்றாது. பல குழாய்களுக்கு ஒரே ஹீட்டராக வரும் 6 கிலோவாட் மல்டி பாயின்ட் போடலாம், 26 ஆம்ப். அதிலும் ஒன்பதரை டிகிரிதான். அப்புறம், தண்ணீரை முன்கூட்டியே காய்ச்சி வைக்கும் ஸ்டோரேஜ் தொட்டி. 25 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சினால், கலந்து 75 லிட்டர் சுடுதண்ணீர், அந்த ஷவருக்கு எட்டு நிமிடம். அடுத்தவர் குளிக்க 1.5 கிலோவாட் கம்பி சுமார் 40 நிமிடம் காய்ச்ச வேண்டும். தீபாவளி விடியலில் ஐந்து பேர் தலையில் நல்லெண்ணெயோடு வரிசையில் நிற்கும் எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. தண்ணீர் ஓட ஓடக் காய்ச்சும் உடனடி ஹீட்டர் அசராது, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் 0.6 யூனிட்.

மிச்சம் பிடித்த காசை ஒயரிங்கில் போட்டேன். 3.6 என்பது 15 ஆம்புக்கு மேல். 13 ஆம்ப் பிளக்கில் சொருகும் சாமான் அல்ல. இந்த வீட்டை வாங்கியபோது முன்பு இருந்தவர்கள் அப்படித்தான் சொருகியிருந்தார்கள், பிளக்கின் ஒரு கால் தேன் நிறத்தில் உருகியிருந்தது. வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து தனி ஒயர், மின்னோட்டம் கூடினால் தானாக விழும் 20 ஆம்ப் எம்சிபி, குளியலறைக்கு வெளியே இரட்டைத் துருவ சுவிட்ச், 10 மில்லி ஆம்ப் மின்கசிவுக்கே விழும் ஆர்சிசிபி, நல்ல எர்த். மலேசியத் தரச் சான்றான சிரிம் லேபிள் இல்லாத ஹீட்டரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டுமே 3.6 வாங்கினேன்; கீழே பம்ப் இல்லாதது, மாடிக்குப் பம்ப் உள்ளது. லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் சனிக்கிழமை வருகிறார். அதுவரை அம்மாவுக்கு அடுப்பில்தான் வெந்நீர்.