விக்ட்ரான் ஓரியன் 12/12-30: ஜீப்பில் இரண்டாவது பேட்டரிக்கு இது சரிப்படுமா?

காட்டுப் பாதையில் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் ஃப்ரிட்ஜுக்காக வண்டியில் இரண்டாவது பேட்டரி வைக்கும்போது அடிக்கடி காதில் விழும் பெயர் விக்ட்ரான் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30. வண்டி ஓடும்போது டைனமோவின் மின்சாரத்தில் இரண்டாவது பேட்டரியை ஏற்றும் சார்ஜர் இது, நெதர்லாந்து கம்பெனியின் நீலப் பெட்டி. எடை 1.8 கிலோ, விசிறி கிடையாது, ப்ளூடூத் உள்ளேயே இருக்கிறது, ஐந்து வருட வாரண்டி உண்டு. டைனமோவின் வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அதைச் சீராக்கி, பின்னால் இருக்கும் பேட்டரி கேட்கிற வோல்ட்டேஜில் 30 ஆம்ப் கொடுப்பது இதன் வேலை. அதை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் மாட்டும் இடத்திலும் கேபிள் தடிமனிலும் கோட்டைவிட்டால் இதே பெட்டி பாதி வேலைதான் பார்க்கும். கடையில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

முதலில், இரண்டு பேட்டரியையும் நேராக இணைத்துப் பிரிக்கும் ஒரு ரிலே (தானியங்கி சுவிட்ச்) போட்டால் போதாதா என்ற கேள்வி. ஈய பேட்டரி இரண்டும் பானெட்டுக்குள்ளேயே இருந்தால் வோல்ட்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே இன்றைக்கும் நல்ல தீர்வுதான்; விலை குறைவு, பழுதாக அதில் ஒன்றுமில்லை. பின்னால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. இந்த ரிலேக்கள் பெரும்பாலும் 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8-ல் பிரியும். முழுதாக ஏறிய லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 பக்கம் நிற்கும். இன்ஜினை அணைத்த பிறகும் ரிலே பிரியாது. பின் பேட்டரி முன் பேட்டரியைத் தாங்கிக்கொண்டே கிடக்கும். இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால், காலியான பேட்டரி டைனமோ எவ்வளவு கொடுத்தாலும் இழுக்கும். ஏற்றத்தில் முதல் கியரில் ஊரும் வண்டியில் டைனமோவுக்குக் காற்றும் கிடைக்காது, சுற்றும் போதாது. காயில் கருகுவது அப்போதுதான். ஓரியன் அந்த இழுப்பை 30 ஆம்புக்குள் கட்டி வைக்கிறது. இதை வாங்குவதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். ப்ளூடூத் எல்லாம் அதற்குப் பிறகு.

30 ஆம்ப் வெளியே வர உள்ளே எவ்வளவு போகவேண்டும்? இதன் செயல்திறன் சுமார் 87 சதவீதம். 13.5 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 405 வாட். டைனமோ பக்கம் 465 வாட், அதாவது 13 வோல்ட்டில் ஏறக்குறைய 36 ஆம்ப். ஐடிலில் நிற்கும் வண்டியின் டைனமோ பெரும்பாலும் தன் முழுத் திறனில் பாதியளவே கொடுக்கும். ஏசி, ஹெட்லைட், இந்தச் சார்ஜர் மூன்றும் சேர்ந்தால் முன் பேட்டரி மெல்ல இறங்க ஆரம்பிக்கும். இந்த மாடலில் சார்ஜிங் ஆம்ப் அளவை ஆப்பில் குறைக்க வழியில்லை. உண்மையான குறை இது. இதே கம்பெனியின் புது ஓரியன் எக்ஸ்எஸ் 12/12-50-ல் அந்த வசதி இருக்கிறது. எடையும் அரைக் கிலோவுக்குக் கீழே, சூடும் வெகு குறைவு.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். அந்த 13 சதவீத இழப்பு, அதாவது 60 வாட், முழுவதும் பெட்டியின் அலுமினியத் தகடு வழியாகத்தான் வெளியேறுகிறது. ஓடும்போது தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். அது பழுது இல்லை. ஸ்பெக்கில் தெளிவாகவே இருக்கிறது: சுற்றுப்புறம் 40 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 3 சதவீதம் திறன் குறையும், மேல் வரம்பு 55 டிகிரி. அந்த வரம்பில் மிஞ்சுவது 16 ஆம்ப் சொச்சம். வேலூர் பக்கம் மே மாதத்தில் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. பானெட்டுக்குள் என்ன இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் இதை இன்ஜின் பக்கம் மாட்டவே கூடாது. தண்ணீர், சேறு தாங்கும் பெட்டியும் இல்லை இது. வயர் சேரும் பகுதிக்குத் தூசு, தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபி22 தான். பானெட்டுக்குள்தான் மாட்டவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க் பிசிடிசி 1225டி பக்கம் போவதே சரி. 25 ஆம்ப்தான், ஆனால் இன்ஜின் சூட்டுக்காகவே செய்தது, சோலார் இணைப்பும் அதிலேயே இருக்கிறது.

ஓரியனுக்குச் சரியான இடம் கேபினுக்குள், பின் பேட்டரிக்குப் பக்கத்தில், செங்குத்தான ஒரு தகட்டில். மேலும் கீழும் 10 சென்டிமீட்டர் காலியாக விடவேண்டும். பிளைவுட் பலகையில் அடித்து, மேலே கார்ப்பெட் போட்டு மூடி, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக் அடைப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். 30 ஆம்ப் என்று வாங்கியது ஏன் 18 காட்டுகிறது என்ற கேள்வி வருவதும் அந்த வண்டிகளிலிருந்துதான்.

அடுத்தது கேபிள். முன் பேட்டரியிலிருந்து பின்னால் வரை வளைந்து நெளிந்து போனால் 5 மீட்டர் ஆகிவிடும். போக வர 10 மீட்டர். 36 ஆம்ப் ஓடும்போது 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிளில் 1 வோல்ட்டுக்கு மேல் விழும். 10 ஸ்கொயரில் 0.63, 16-ல் 0.39, 25-ல் 0.25. இந்தப் பெட்டி உள்ளீட்டு வோல்ட்டேஜைத் தன் வாயில்தான் அளக்கிறது என்பதால் இந்த எண்கள் முக்கியம். இன்ஜின் ஓடுகிறதா என்று அது முடிவு செய்வதும் அந்த அளவை வைத்தே: 14 வோல்ட் கண்டால் உடனே சார்ஜ், 13.3 கண்டால் இரண்டு நிமிடம் பொறுத்துச் சார்ஜ், 13.1-க்குக் கீழே நின்றுவிட்டால் நிறுத்தம். இப்போது 6 ஸ்கொயர் கேபிளோடு யோசியுங்கள். டைனமோ 13.9 கொடுக்கிறது, சார்ஜர் ஆரம்பிக்கிறது, வயரில் ஒரு வோல்ட் போய்விடுகிறது, பெட்டி 12.9 பார்க்கிறது, இன்ஜின் அணைந்துவிட்டதாக நினைத்து நிற்கிறது. இழுப்பு நின்றதும் வோல்ட்டேஜ் மறுபடி 13.9-க்கு எழும்புகிறது, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஆரம்பம். நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி ஏறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜர் முழு வேகத்தில் ஓடும்போது முன் பேட்டரியின் முனைகளில் ஓர் அளவு, பெட்டியின் உள்ளீட்டில் ஓர் அளவு. வித்தியாசம் 0.4-ஐத் தாண்டினால் குற்றம் வயரில்.

5 மீட்டருக்கு 16 ஸ்கொயர் குறைந்தபட்சம். பெட்டியின் டெர்மினலுக்குள் அதற்குமேல் தடிமன் நுழையாது. 25 இழுத்தால் கடைசி ஒரு ஜாணுக்கு 16 ஸ்கொயர் துண்டு போட்டு பஸ்பாரில் (கேபிள்களைச் சேர்க்கும் செம்புப் பட்டை) சேர்க்கவேண்டும். டெர்மினல் ஸ்க்ரூவின் இறுக்கம் 1.6 நியூட்டன் மீட்டர். மெல்லிய இழைக் கேபிளை அப்படியே திணித்து இறுக்கினால் இழைகள் பிதுங்கி, குலுக்கலில் தளர்ந்துவிடும். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாயான ஃபெரூல் போட்டு அழுத்தியே நுழைக்கவேண்டும். முதல் 500 கிலோமீட்டர் கரடுமுரடில் ஓடியபின் ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் பார்த்துவிடுங்கள்.

கேபிள் முனையில் மாட்டும் வளையமான லக் விஷயத்தில் தயவுசெய்து சுத்தியலை நம்பாதீர்கள். சுத்தியலால் நசுக்கிய ஒரு லக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும்: ஓர் ஓரத்தில் செம்பு இழைகள் தட்டையாகிக் கிடக்கும், மறு ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு இடைவெளி, அதற்குள் பச்சை பூத்திருக்கும். 36 ஆம்ப் அந்தத் தட்டையான ஓரத்தின் வழியே மட்டும் ஓடும். சில மாதத்தில் ஸ்லீவ் பழுப்பேறி வயரின் தோல் கடினமாகிவிடும். ஹைட்ராலிக் கருவியில் அறுகோண டை போட்டு அழுத்திய லக்கில் இழைகள் ஒரே கட்டியாக இருக்கும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் வேண்டாம். ஈயம் ஏறி விறைத்த இடம் முடியும் புள்ளியில்தான் அதிர்வில் இழை முறியும். வேலை முடிந்து இருபது நிமிடம் முழு லோடில் ஓட்டியபின், பிளஸ் பக்கம் எங்கும் கருவி உரசாமல், ஒவ்வொரு லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிடச் சூடாக இருப்பதை வெட்டிப் புதிது போடுங்கள்.

ஃபியூஸ் இரண்டு வேண்டும். முன் பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் 60 ஆம்ப், பின் பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் இன்னொரு 60. வண்டியின் இரண்டு பக்கமும் மின்சாரம் ஊறும் இடம். முன்னால் மட்டும் போட்டுவிட்டுப் பின்னால் விட்டால், ஒரு கேபிள் பாடியில் உரசும் நாளில் பின் பேட்டரியே தீ வைக்கும். லித்தியம் பக்கம் சாதாரண கண்ணாடி ஃபியூஸும் பிளேடு ஃபியூஸும் ஆகாது. ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்ப் பாயும், அப்போது எழும் மின்பொறியை (ஆர்க்) அணைக்கும் திறன் அவற்றுக்கு இல்லை. பேட்டரி முனையிலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப் வகை 14 வோல்ட்டில் 10,000 ஆம்ப் வரை அறுக்கும். அதைப் போடுங்கள். ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட், தரையில் நெளிவுக் குழாய், சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

எர்த்தை பாடியில் கொடுக்கலாம், பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து, மேலே வாசலின் தடவி. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். முன் பேட்டரியின் மைனஸ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அந்த முனையிலேயே எதையும் மாட்டாமல், சென்சாரைத் தாண்டி பாடிப் பக்கம் மாட்டவேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு இந்த 36 ஆம்ப் கணக்கிலேயே வராது. ஜீப்பில் இரண்டு பேட்டரிக்கும் மைனஸ் ஒன்றுதான் என்பதால் நான்-ஐசொலேட்டட் (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே மைனஸ்) மாடலே போதும்.

ஆப்பில் முதல் வேலை பேட்டரி வகையை லித்தியத்துக்கு மாற்றுவது; 14.2 வரை ஏற்றி 13.5-ல் பிடித்துக்கொள்ளும். இன்ஜினைத் தானே கண்டுபிடிக்கும் வசதி தொல்லை கொடுத்தால் அதை அணைத்துவிட்டு, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு வயரை ரிமோட் இணைப்பின் எச் முனையில் கொடுங்கள். வோல்ட்டேஜை அடிக்கடி இறக்கும் ஸ்மார்ட் டைனமோ வண்டிகளில் ஆரம்பத்திலேயே இப்படிச் செய்துவிடுவது நல்லது. சாவியை ஆனில் விட்டுத் தூங்காமல் இருந்தால் போதும்.

இது எவ்வளவு வேலைக்கு வரும்? 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வெயில் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 45 ஏஎச் (ஆம்ப்-மணி) எடுக்கும். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் அது திரும்பிவிடும். 100 ஏஎச் பேட்டரி காலியானால் மூன்றரை மணி நேரம். தினமும் இடம் மாறும் பயணத்துக்கு இது தாராளம். ஒரே இடத்தில் மூன்று நாள் கூடாரம் போடுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது, சோலாரும் வேண்டும். சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சை இதில் சேர்க்கவே முடியாது. நூற்றுக்கணக்கில் ஆம்ப் இழுக்கும் அது முன் பேட்டரியோடுதான் இருக்கவேண்டும். முன் பேட்டரி டவுன் ஆனால் பின் பேட்டரியை வைத்து செல்ஃப் அடிக்கவும் இந்தப் பெட்டி உதவாது. அதற்கு ஒரு ஜம்பர் கேபிளைச் சீட்டுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு எக்ஸ்எஸ் கட்டுப்படியானால் அதையே பரிந்துரைப்பேன். விலை வித்தியாசம் உறுத்தினால், கேபினுக்குள் காற்றோட்டமான இடம் இருந்தால், 16 ஸ்கொயர் இழுக்கத் தயாராக இருந்தால், இந்தப் பழைய 30 ஆம்ப் பெட்டியை எடுக்கலாம்.