சைம்ஸ் மண்டபம்: இருட்டுவதற்குள் போங்கள்

போன மாதம் தோழியின் கல்யாண விருந்து, சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் சைம்ஸ் (CHIJMES) மண்டபத்தில். ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒரு 'ஜே' வரும். அதை விழுங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முதல் நான்கு எழுத்தும் பழைய கான்வென்ட் பெயரின் சுருக்கம். அத்தைக்கும் அழைப்பு இருந்தது. 1970களில் அங்கே படித்தவர். இப்போது மண்டபமாக இருப்பது அந்த கான்வென்ட்டின் சேப்பல், அதாவது சிற்றாலயம். 1983இல் அங்கே வழிபாடு நின்று, பள்ளியும் தோ பாயோவுக்குப் போனபிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லையாம்.

ஏழரை மணி விருந்துக்கு ஐந்தரைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார். நல்லதாகப் போயிற்று. மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்ததால் வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் உயிரோடு இருந்தன. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் செய்து கொண்டுவந்தவை. இருட்டியபிறகு வந்த விருந்தாளிகளுக்கு அவை வெறும் கறுப்புச் சன்னல்கள்தான். இந்த மண்டபத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் ஏன் ராத்திரி விருந்து வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தூண்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சேப்பலிலும் தாழ்வாரங்களிலும் சேர்த்து 648 தூண் தலைகள். ஒவ்வொன்றிலும் நம் பக்கத்துப் பூ, இலை, பறவை என்று வேறு வேறு வேலைப்பாடு. கட்டடம் பிரெஞ்சு கோத்திக் பாணி. வரைந்தவர் சார்ல்ஸ் நேன் என்ற பாதிரியார். 1904இல் திறந்தார்கள். ஆனால் தூண் உச்சியில் இருப்பது வெப்பமண்டலக் காடு. கான்வென்ட்டில் படித்த காலத்தில் ஒரே மாதிரி வேலைப்பாடு உள்ள இரண்டு தூண்களையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அத்தையும் தோழிகளும் இடைவேளை முழுக்க அண்ணாந்தே திரிவார்களாம். "கழுத்து வலிதான் மிச்சம்" என்றார்.

பரீட்சை அன்றைக்கு மட்டும், நெற்றியில் விபூதியோடு, சேப்பலின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாராம். ஒரு கன்னியாஸ்திரீயும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பெஞ்சு இருந்த இடம் என்று அவர் காட்டிய மூலையில் மொய்ப்பெட்டி வைத்திருந்தார்கள்.

விருந்து சுமார் ரகம். அன்றைக்கு ஒலிபெருக்கிக்கு வந்த ஆள் சத்தத்தை அவ்வளவு கூட்டியிருக்க வேண்டாம். அந்த உயரக் கூரைக்கு மைக்கே அதிகம். மாப்பிள்ளையின் அப்பா பேசியது பாதி புரியவில்லை.

அதற்கு முன்னால், நேரம் போக்க, கீழே முற்றத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். இரண்டு எலுமிச்சை ஜூஸ் வர அரை மணி நேரம். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததை நான் கவனிக்கவில்லை. சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து முப்பது சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிவிட்டது. பக்கத்து மேசையில் பீர் கோப்பைகள். அத்தை முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். "இடிக்காமல் விட்டார்களே" என்றார். நியாயம்தான். 1990இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1996இல் கடைகளோடு திறந்தார்கள். அந்த வாடகை இல்லாமல் இந்தக் கூரையை யார் பராமரிப்பது?

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். சுற்றுச்சுவரில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாத குழந்தைகளைத் துணியில் சுற்றி அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். கன்னியாஸ்திரீகள் எடுத்து வளர்ப்பார்கள். அத்தை வகுப்பிலேயே அப்படி வளர்ந்த பெண் ஒருத்தி இருந்தாளாம். அந்த இடத்தில் மட்டும் அத்தை பேசாமல் நின்றார். எங்களைத் தாண்டிப் போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பொடிநடை. சுற்றிப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை. அடுத்த தடவை விருந்து எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து மத்தியானத்தில் வரலாம் என்றார் அத்தை. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட வேண்டுமாம்.