வாடகை விமானத்திலிருந்து வெளிநாட்டுச் சேவைக்கு: டெக்கானும் பெகாசஸும், ஓசூரிலிருந்து ஓர் ஒப்பீடு

ஓசூரில் சுமார் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்ததிலிருந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பேச்செல்லாம் நிலத்தைப் பற்றியும் ஓடுபாதையைப் பற்றியுமாகவே இருக்கிறது. அங்கிருந்து யார் பறப்பார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. பெரிய நிறுவனங்கள் தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையத்தை விட்டு எளிதில் நகர மாட்டா. ஆகவே சிறியதொரு வாடகை விமான நிறுவனம் இங்கே காலூன்றிப் பன்னாட்டு நிறுவனமாக வளர முடியுமா என்று பார்ப்பது பயனுள்ளது. அதற்கு எடுத்துக்கொள்ளத்தக்க முன்னோடிகள் இரண்டு: பெங்களூரின் ஏர் டெக்கான், துருக்கியின் பெகாசஸ்.

இரண்டும் வாடகைத் தொழிலில் தொடங்கியவையே. ஆனால் எதை, யாருக்கு வாடகைக்கு விட்டன என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. இராணுவத்திலிருந்து விலகி விவசாயம் பார்த்த டெக்கானின் நிறுவனர் கேப்டன் கோபிநாத், 1997-இல் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு விடத் தொடங்கினார். அரசியல் தலைவர்களும் தொழில் நிறுவனங்களும் கொடுத்த வாடகை, தொழில் அனுபவத்தையும் விமானிகளையும் பொறியாளர்களையும் தந்ததே தவிர, 2003 ஆகஸ்டில் ஏடிஆர் என்ற சிறிய விமானங்களுடன் மலிவுக் கட்டணச் சேவை தொடங்கியபோது ஏறி உட்காரப் பயணிகளைத் தரவில்லை. அந்தப் பயணிகளை டெக்கான் புதிதாகவே உருவாக்க வேண்டியிருந்தது. ஒரு ரூபாய்ப் பயணச்சீட்டு அதற்காக வந்ததுதான். இரயிலில் மட்டுமே போய்ப் பழகிய பலரை அது விமானத்தில் ஏற்றியது, கூடவே நட்டத்தையும் ஏற்றியது.

பெகாசஸின் கதை தலைகீழானது. அயர்லாந்து விமான நிறுவனமான ஏர் லிங்கஸ் பங்காளியாக இருக்க 1990-இல் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனம், ஐரோப்பியச் சுற்றுலா முகவர்கள் மொத்தமாக வாங்கிய இருக்கைகளில் விடுமுறைப் பயணிகளைத் துருக்கியின் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்தது. அதாவது பிறக்கும்போதே அது எல்லை தாண்டிப் பறந்தது. உள்நாட்டு மலிவுச் சேவைதான் பின்னால் வந்தது. 2005-இல் துருக்கியின் எசாஸ் குழுமம் வாங்கிய பிறகு அது தொடங்கியது. முகவரை நம்பிய தொழிலுக்குச் சுற்றுலாப் பருவம் முடிந்தால் வருமானம் இல்லை என்ற குறை உண்டு. குறித்த நேரப்படி ஆண்டு முழுவதும் பறக்கும் அட்டவணைச் சேவை அந்தக் குறையைத் தீர்த்தது. 2012-இல் அந்நிறுவனம் 100 ஏர்பஸ் விமானங்கள் வரை வாங்கும் ஒப்பந்தம் செய்தது. 2013-இல் இஸ்தான்புல் பங்குச்சந்தைக்கு வந்தது.

வெளிநாடுகளுக்குப் பறக்கும் உரிமையில்தான் டெக்கான் மாட்டிக்கொண்டது. ஐந்து ஆண்டு உள்நாட்டுச் சேவையும் 20 விமானங்களும் இருந்தால்தான் இந்திய நிறுவனம் வெளிநாடு போகலாம் என்பது அன்றைய விதி. அதன்படி, 2005-இல் பிறந்த கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டில் ஐந்து ஆண்டு நிறைந்தது. 2007-இல் கிங்ஃபிஷரின் உரிமையாளரான யுபி குழுமம் டெக்கானின் பங்குகளை வாங்கியது. 2008-இல் இரண்டும் இணைந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கிங்ஃபிஷர் பெயரில் பெங்களூரு–லண்டன் விமானம் கிளம்பியது. டெக்கானின் வயது அடுத்தவருக்குப் பயன்பட்டது என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. வாங்கியவரும் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்திவிட்டார். 2016-இல் அந்த ஐந்தாண்டு நிபந்தனை நீக்கப்பட்டது. 20 விமானங்கள் அல்லது மொத்தத் திறனில் 20 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதை உள்நாட்டில் இயக்க வேண்டும் என்பதே இன்றைய விதி.

ஓசூருக்கு எது பொருந்தும்? என் கணிப்பு பெகாசஸ் பக்கமே சாய்கிறது. காரணம் அதன் தளம். இஸ்தான்புல்லின் பெரிய விமான நிலையம் ஐரோப்பியக் கரையில் இருக்க, 2001-இல் ஆசியக் கரையில் திறக்கப்பட்ட சபிஹா கோக்சென் நிலையத்தில் அது வேரூன்றியது. தேவனஹள்ளி பெங்களூரின் வடக்கே இருக்கிறது. ஓசூர், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி மக்கள் மாநகரம் முழுவதையும் கடந்துதான் அங்கே போகிறார்கள். அந்தத் தென்பக்கத்துப் பயணிகளே ஓசூருக்கான இயல்பான சந்தை. வெளிநாடு போகும் ஓசூர் ரோஜாக்களும் சேர்ந்தால் சரக்குப் பகுதியும் காலியாக இருக்காது. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் ஓடுபாதை இருப்பதால் விமானப் பராமரிப்புத் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல.

ஆனால் பெகாசஸுக்கு இல்லாத தடை ஒன்று இங்கே உண்டு. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி, மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் வேறு பன்னாட்டு நிலையம் 2033 வரை உருவாக அனுமதியில்லை. ஆகவே ஓசூரைத் தளமாகக் கொள்ளும் நிறுவனம், அதற்கு முன் 20 விமானங்களைச் சேர்த்துவிட்டாலும், தன் முதல் வெளிநாட்டுச் சேவையைச் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோதான் தொடங்க வேண்டியிருக்கும்.