இருமொழி நியாய சன்ஹிதா கையடக்கப் பதிப்பு: 63ஆம் பிரிவில் தடுமாறுகிறது

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலாக 2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததிலிருந்து, சட்டப் புத்தகக் கடைகளில் தமிழ்-ஆங்கிலக் கையடக்கப் பதிப்புகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றைப் பற்றியது இது. பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இடப் பக்கம் ஆங்கிலம், வலப் பக்கம் தமிழ், கடைசியில் ஐபிசி ஒப்பீட்டு அட்டவணை. தாளும் கட்டும் நன்று, கோட் பாக்கெட்டில் அடங்குகிறது. இப்படிப்பட்ட புத்தகத்தை எடை போட, பாலியல் வல்லுறவை வரையறுக்கும் 63ஆம் பிரிவைப் புரட்டினாலே போதும். ஒரு சொல் நழுவினாலும் பொருள் மாறிவிடும் பிரிவு அது.

நான்கு வகைச் செயல்கள், அவற்றைக் குற்றமாக்கும் ஏழு சூழ்நிலைகள் என்பது அதன் அமைப்பு. முதல் சூழ்நிலை, பெண்ணின் விருப்பத்துக்கு எதிராக. இரண்டாவது, அவருடைய இசைவு இல்லாமல். தமிழ்ப் பக்கம் இரண்டையுமே ‘சம்மதமின்றி’ என்று போட்டிருக்கிறது. வேண்டாம் என்று தள்ளியவருக்கு நடந்தது முதல் வகை. அயர்ந்து தூங்கியவர் எதையும் மறுக்கவில்லை, ஆனால் எதற்கும் இசையவும் இல்லை. அவரைக் காப்பது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாக்கினால், சட்டம் ஏன் இரண்டு வரி செலவழித்தது என்றே படிப்பவருக்குப் புரியாது.

அடுத்த சறுக்கல் இன்னும் பெரிது. இரண்டாம் விளக்கம்தான் இசைவு என்றால் என்ன என்று சொல்கிறது: ஐயத்துக்கு இடமில்லாத, தன்னிச்சையான உடன்பாடு, சொல்லாலோ சைகையாலோ வேறு வழியிலோ, ‘குறிப்பிட்ட அந்தப் பாலியல் செயலில்’ பங்கேற்க விருப்பம் தெரிவிப்பது. தமிழில் ‘குறிப்பிட்ட அந்த’ என்பது காணாமல் போய், ‘பாலுறவுக்கு விருப்பம்’ என்று நிற்கிறது. முத்தத்துக்கு இசைந்தவர் எல்லாவற்றுக்கும் இசைந்தார் என்ற வாதத்தை அடைக்கவே வைத்த சொல் அது.

அந்த விளக்கத்தோடு வரும் வரம்புரையை (proviso) மட்டும் அழகாகச் செய்திருக்கிறார்கள்: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் இசைந்ததாகக் கொள்ளக் கூடாது. காவல் நிலையத்துக்குள் நடந்த கொடுமை பற்றிய துக்காராம் வழக்கில், காயம் இல்லை, போராடிய தடயம் இல்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. எழுந்த எதிர்ப்பில் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. இசைவுக்கான இந்த வரையறை 2013 திருத்தத்தில் வந்தது. இவ்வளவையும் மூன்று வரி அடிக்குறிப்பில் தந்திருப்பதற்குப் பாராட்டு.

மனைவிக்குக் குறிப்பிட்ட வயது நிரம்பியிருந்தால் கணவன் அவரோடு கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்பது இரண்டாம் விதிவிலக்கு. அதில் ஆங்கிலப் பக்கம் மனைவியின் வயதை 18 என்கிறது, தமிழ்ப் பக்கம் 15 என்கிறது. பழைய ஐபிசி மொழிபெயர்ப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதன் விளைவு. அந்த 15ஐ 18 என்றே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் எழுத்திலேயே 18 வந்துவிட்டது. பொருளடக்கத்தில் ‘கற்பழிப்பு’ என்று இருப்பதும் அதே ஒட்டுவேலைதான். கற்புக்கு இந்தப் பிரிவில் வேலையே இல்லை.

அட்டவணையில் ஐபிசியின் 375க்கு (வல்லுறவு வரையறை) 63, 376க்கு (அதன் தண்டனை) 64, 228ஏ-க்கு (பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது) 72 எல்லாம் சரி. பயத்தாலோ தவறான எண்ணத்தாலோ தந்த இசைவு இசைவாகாது என்னும் பழைய 90, இன்றைய 28. அந்த வரியே விடுபட்டிருக்கிறது. 69ஐ 376க்கு நேரே போட்டது அதைவிட ஆபத்து. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி தந்து உறவு கொள்வது போன்றவற்றுக்கான புதிய பிரிவு அது. வல்லுறவு ஆகாத உறவு என்று அதன் வாசகமே சொல்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய மூலப்படி 64(1)இல் தண்டனை 10 ஆண்டில் தொடங்குகிறது, 69இல் அதிகபட்சமே 10 ஆண்டு. அட்டவணையை நம்பி மனு எழுதுகிற ஜூனியர் மாட்டிக்கொள்வார்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பேனாவை எடுத்து இந்த ஐந்து இடங்களைத் திருத்திக்கொள்ளலாம்: முதல் சூழ்நிலை, ‘குறிப்பிட்ட அந்த’, வயது 18, அட்டவணையில் 90-28, 69க்கு நேரே ‘புதியது’. இது தனியார் மொழிபெயர்ப்பு என்பதால், நீதிமன்றத்தில் வாசித்துக் காட்ட எப்படியும் இடப் பக்கம்தான்.