ஏழு வருடமாக ஆடும் நேஸ்பி: குதிரையைப் பாயவிடுவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்

பதினேழாம் நூற்றாண்டில் அரசர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும் மோதிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரை வைத்துச் செய்த பலகை விளையாட்டு ஒன்றை ஏழு வருடத்துக்கு முன்னால் வாங்கினேன். எட்ஜ்ஹில், மார்ஸ்டன் மூர், நேஸ்பி என மூன்று போர்க்களங்களின் வரைபடங்கள், அட்டைக் காய்கள், இரண்டு பகடை. மாதம் ஒருமுறையாவது தம்பியும் நானும் விரித்துவிடுவோம். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால், "குதிரைப்படைதான் பலம், முதல் சுற்றிலேயே பாயவிடுங்கள்" என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வராது.

இந்த விளையாட்டின் உயிரே ஒரு விதியில் இருக்கிறது. குதிரை அணி மோதி ஜெயித்ததும் பகடை உருட்ட வேண்டும். தேறினால் நிற்கும். தவறினால், ஓடுகிற எதிரியைத் துரத்திக்கொண்டு வரைபடத்தை விட்டே போய்விடும். திரும்பி வர மூன்று சுற்றாகும். அரசர் பக்கத்துக் குதிரைப்படைத் தளபதி ரூபர்ட்டின் அணி நிற்க ஐந்தோ ஆறோ விழ வேண்டும். நாடாளுமன்றப் பக்கத்துக் கிராம்வெல் அணிக்கு மூன்று விழுந்தாலே போதும். இது அநியாயம் என்று முதல் வருடம் முழுக்கத் தம்பியோடு வாதாடினேன்.

வரலாற்றைப் படித்த பிறகுதான் விளங்கியது. 1642 அக்டோபர் 23, எட்ஜ்ஹில். ரூபர்ட்டுக்கு 22 வயது. நின்று சுட்டு நேரம் கடத்தாமல் வாளோடு நேரே பாயுங்கள், கைத்துப்பாக்கியை மோதிய பிறகு எடுத்தால் போதும் என்பது அவர் முறை. நின்ற இடத்திலிருந்து சுட்ட நாடாளுமன்றக் குதிரைப்படை சிதறி ஓடியது. ஜெயித்தவர்கள் கைன்டன் ஊர்வரை துரத்திப்போய் மூட்டை வண்டிகளில் கைவைத்தார்கள். பின்னால் காப்பாக நிற்க வேண்டிய இரண்டாம் வரிசையும் கூடவே ஓடிவிட்டது. குதிரைத் துணை இல்லாத அரசரின் காலாட்படை செமத்தியாக அடிவாங்கியது. அரசரின் கொடியேந்திய வெர்னி செத்தார், கொடியும் பறிபோய்ப் பிறகுதான் மீண்டது. முடிவு: யாருக்கும் வெற்றியில்லை.

கிராம்வெல் ஆட்கள் அவ்வளவு வேகமாகப் பாய்ந்தவர்கள் இல்லை. முழங்காலோடு முழங்கால் உரச, வரிசை கலையாத ஓட்டம். மோதி முடித்ததும் மறுபடி அணிவகுப்பார்கள். போருக்கு முன் படை நடத்தியே பழகாத ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இதைப் பழக்கிக் காட்டினார் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

போன பொங்கலுக்கு நேஸ்பி ஆடினோம். நான் ரூபர்ட், தம்பி கிராம்வெல். நாடாளுமன்றப் படையின் இடப்பக்கம் நின்ற அயர்ட்டனின் அணியை உடைத்தேன். பகடையில் இரண்டு. சிவப்புக் காய்களை எடுத்து விளிம்புக்கு வெளியே வைத்தேன். களத்தின் மறுபக்கத்தில் தம்பி என் தரப்பு லாங்டேலின் குதிரை அணியை விரட்டிவிட்டு, "அண்ணே, நான் எல்லாத்தையும் துரத்த விடல" என்று மூன்று காய்களை மட்டும் மெதுவாக என் காலாட்படையின் விலாப்பக்கம் திருப்பினான். என் குதிரைகள் திரும்பி வந்தபோது காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. 1645 ஜூன் 14 அன்று ரூபர்ட் மூட்டை வண்டிகள்வரை போய்த் திரும்பியபோது பார்த்ததும் இதைத்தான்.

குறைகளும் உண்டு. கைத்துப்பாக்கி விதிகள் தேவையில்லாத சிக்கல், நாங்கள் விட்டுவிட்டோம். வரைபடத்தின் மடிப்பு வெளுத்து, நேஸ்பியின் நடுக்கட்டங்கள் தெரிவதில்லை. பெட்டி வந்தபோதே, நேஸ்பி களத்தின் சல்பி வேலியோரம் இருந்து சுடும் நாடாளுமன்றத் தரப்புக் கர்னல் ஓக்கியின் வீரர்களுக்கான காய் இல்லை. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் நானே வெட்டி ஒட்டினேன், ஏழு வருடமாக அதுதான் ஓடுகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் எட்ஜ்ஹில்லில் தொடங்குங்கள், இரண்டு மணி நேரத்தில் முடியும். மார்ஸ்டன் மூரைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே ஒரு பக்கம் கிராம்வெல் ஜெயிக்க, மறுபக்கம் அரசர் தரப்புக் கோரிங்கும் ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு களத்தைச் சுற்றிவந்து கோரிங்கை அடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அது எனக்கு இரண்டே முறைதான் கைகூடியது.